துடிப்பு ஏறட்டும்

இதய அறுவை செய்துகொண்டவரின் நாடித்துடிப்பு ஏறவே கூடாது என்பது திருச்சிராப்பள்ளியிலும் ஸ்ரீரங்கத்திலும் பரவலாக நிலவும் நம்பிக்கை. நெஞ்சைப் பிளந்து தைத்த உடம்பு, இனி மாடிப்படி வேண்டாம், வேகநடை வேண்டாம், ஆறு மாதத்துக்கு 'ரெஸ்ட்' என்று பார்க்க வருகிற உறவினர் ஒவ்வொருவரும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அண்மைக் காலத்தில் இந்தப் பயத்துக்கு ஒரு கருவியும் கிடைத்திருக்கிறது. மணிக்கட்டில் கட்டிய கடிகாரம் 105 என்று காட்டினால் போதும், "போரும்பா, உக்காருங்கோ" என்று மகன் நாற்காலியை இழுத்துப் போடுகிறார். அக்கறையால் செய்வதுதான், ஆனாலும் தவறு. அறுவைக்குப் பிறகு அளவறிந்து, படிப்படியாக, நாள்தோறும் துடிப்பை ஏற்றி இறக்குவது சிகிச்சையின் பிற்பாதி. நோயாளியை உட்கார வைத்துப் பாதுகாப்பவர்கள் அந்தப் பிற்பாதியைப் பறித்துவிடுகிறார்கள்.

நம்பிக்கையில் ஓர் உண்மை கலந்திருப்பதால்தான் அது இவ்வளவு விடாப்பிடியாக நிற்கிறது. பைபாஸுக்கும் பெரும்பாலான வால்வு அறுவைகளுக்கும் நெஞ்செலும்பை நடுவில் நெடுக அறுத்து, முடிந்ததும் எஃகுக் கம்பியால் கட்டுகிறார்கள். எலும்பு ஒட்ட ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். முழு உறுதி வரப் பன்னிரண்டு வாரம் வரை பிடிக்கும். சர்க்கரை உள்ளவருக்கும் புகைபிடித்தவருக்கும் இன்னும் தாமதமாகலாம். ஐந்து கிலோவுக்கு மேல் தூக்காதே, கையை ஊன்றி எழாதே, இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள், ஸ்கூட்டர் ஓட்டாதே என்று சொல்வதெல்லாம் அந்த எலும்புக்காக. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டு வாசலைத் தாண்டியதும் இவை இதயத்துக்கான விதிகளாக உருமாறிவிடுகின்றன. காலுக்கு இந்தத் தடை எதுவும் கிடையாது. பைபாஸுக்காக ரத்தக் குழாய் எடுத்த கால் வீங்கியிருந்தாலும், உட்கார்ந்திருக்கும்போது உயர்த்தி வைப்பதோடு நடப்பதும் அந்த வீக்கத்துக்கு நல்லது.

ஸ்ரீரங்கத்தில் இந்தக் குழப்பத்தைக் கண்ணால் காணலாம். வீதியில் கால் மணி நேரம் நடக்கப் பயப்படுபவர், மூன்றாவது வாரமே பெருமாள் சந்நிதியில் கீழே விழுந்து சேவிக்கத் தயாராகிவிடுகிறார். தண்டனிட்டு எழும்போது இரண்டு உள்ளங்கையும் தரையை அழுத்த, மேலுடம்பின் பாரம் முழுதும் தோள் வழியாக நெஞ்செலும்பின் தையலை இழுக்கிறது. எழுந்து நின்றதும் ரத்த அழுத்த மாத்திரையின் தயவால் தலை கிறுகிறுக்கும். மூன்று மாதத்துக்கு நின்றபடி கைகூப்பினால் போதும். நடை அப்படித் தள்ளிப்போட வேண்டிய காரியம் அல்ல. மருத்துவமனையில் இரண்டாம் நாளே வார்டுக்குள் நடக்க வைப்பது வழக்கம்.

படுக்கை ஓய்வு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அது பைபாஸ் பிறப்பதற்கு முந்தைய காலத்துச் சரக்கு என்பது தெரியும். 1912-இல் அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் மாரடைப்பை விவரித்தபோது முழு ஓய்வை வலியுறுத்தினார். சேதமான தசை ஆறி வடுவாக ஆறு வாரம் ஆகும், அதற்குள் அசைந்தால் இதயம் கிழியும் என்ற கணக்கில் பின்னால் வந்தவர்கள் நோயாளியை ஆறு வாரம் கட்டிலோடு கட்டிப்போட்டார்கள். நுரையீரலில் ரத்தக் கட்டி அடைத்தும் சளி கட்டியும் அந்தக் கட்டிலிலேயே பலர் இறந்தார்கள். 1952-இல் பாஸ்டனில் சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லவுனும் மாரடைப்பு நோயாளிகளைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அன்றைக்கு அதுவே பெரிய கலகம். 1955-இல் அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்கு மாரடைப்பு வந்தபோது, அவரைப் பார்த்த மருத்துவர் பால் டட்லி ஒயிட் உடற்பயிற்சிக்காக ஊரறிய வாதாடுபவர். அதிபர் பிறகு கோல்ஃப் மைதானத்துக்கே திரும்பினார்.

1966-இல் டல்லஸ் நகரில் நடந்த சோதனை இந்த வழக்கை ஏறத்தாழ முடித்துவைத்தது. இருபது வயதை ஒட்டிய ஆரோக்கியமான ஐந்து இளைஞர்கள் மூன்று வாரம் படுக்கையில் கிடந்தார்கள். உடம்பு உச்ச உழைப்பில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் கால் பங்குக்கு மேல் விழுந்தது. முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரை மறுபடி அளந்தபோது, முப்பது வருட முதுமை செய்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் அதிகமாக இருந்தது. இருபது வயதுக்காரருக்கே இந்தக் கதி என்றால், அறுபத்தைந்து வயதில் பைபாஸ் முடிந்து மூன்று மாதம் கட்டிலில் கிடப்பவரின் தொடைத் தசை என்ன ஆகும் என்று ஊகிக்கலாம். பிறகு மூச்சு வாங்கினால் "பாத்தீங்களா, ஹார்ட் வீக்" என்பார்கள். வீக்கானது கால்.

தமிழ்நாட்டில் இதைத் தெரியாமல் செய்கிறோம் என்றும் சொல்ல முடியாது. பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் கே. எம். செரியன் பைபாஸ் செய்தது 1975-இல். இன்று இந்த அறுவை திருச்சியிலேயே நடக்கிறது. காப்பீட்டு அட்டையோடு சாமானியரும் செய்துகொள்கிறார்கள். அறுவை அரை நூற்றாண்டு முன்னேறியிருக்க, அறிவுரை மட்டும் 1930-களில் நிற்கிறது.

பைபாஸ் அடைப்பை நீக்குவதில்லை. அடைத்த இடத்தைத் தாண்டி ரத்தம் போக வேறு பாதை போடுகிறது. குழாய்ச் சுவரில் கொழுப்பைப் படியவைத்த நோய் அப்படியே இருக்கிறது, புதிய பாதையும் காலப்போக்கில் அடைபடலாம். அதைத் தள்ளிப்போடுவது மாத்திரை, உணவு, புகையை விடுவது, உடற்பயிற்சி ஆகிய நான்கும் சேர்ந்துதான். உடற்பயிற்சி வழி இதய மறுவாழ்வு பற்றி 2021-இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு 85 சோதனைகளையும் 23,430 நோயாளிகளையும் எடுத்துக்கொண்டது. மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர், பைபாஸ் செய்தவர் எல்லாரும் அதில் உண்டு. பயிற்சி செய்தவர்களிடம் இதயநோய்ச் சாவும், புதிய மாரடைப்பும், திரும்ப மருத்துவமனையில் சேர்வதும் குறைந்திருந்தன. ஓய்வு எடுத்ததால் இப்படிப் பலன் கிடைத்தது என்று காட்டும் தொகுப்பாய்வு எதையும் ஓய்வுக் கட்சிக்காரர்கள் முன்வைத்ததில்லை.

இனி எண்களுக்கு வருவோம். அறுவை முடிந்து வீடு திரும்பியவரின் நாடி, சும்மா இருக்கும்போதே 90, 95 என்று ஓடுவது சகஜம். அறுவையில் ரத்தம் குறைந்திருக்கிறது, உடம்பில் அழற்சி இருக்கிறது, வலி இருக்கிறது, இதயத்தை அடக்கிவைக்கும் நரம்பின் பிடி தளர்ந்திருக்கிறது. இவை சில வாரங்களில் சரியாகும். 95-இல் இருப்பவர் கழிப்பறைக்குப் போய்வந்தால் 110 ஆகத்தான் செய்யும். நூறைத் தாண்டக் கூடாது என்ற கோட்டை இங்கே போட்டால் அவர் எழுந்திருக்கவே வழியில்லை. உடற்பயிற்சி மருத்துவத்தில் அறுவைக்குப் பிந்தைய ஆரம்ப நாட்களுக்குச் சொல்லப்படும் வரம்பு வேறு மாதிரியானது: ஓய்வு நாடியோடு முப்பது வரை கூட்டிக்கொள்ளலாம், உழைப்பு 'சற்றுக் கடினம்' என்று தோன்றும் அளவைத் தாண்டக் கூடாது. 85-இல் தொடங்குபவருக்கு 115. அவரவர் தொடங்கும் இடத்தைப் பொறுத்து உச்சவரம்பு நகர்கிறது.

நான்கு முதல் ஆறு வாரம் கழித்து டிரெட்மில் பரிசோதனை செய்தால் கணக்கு இன்னும் துல்லியமாகும். இங்கேதான் 220-இலிருந்து வயதைக் கழிக்கும் சூத்திரம் குறுக்கே வருகிறது. 1971-இல் ஃபாக்ஸ் குழுவினர் வெளியிட்ட ஒரு கட்டுரையோடு பரவிய இந்தக் கணக்கு, சில ஆய்வுகளின் புள்ளிகளூடே கண்ணளவில் இழுத்த கோடு. ஒரே வயதுக்காரர்களிடமே உண்மையான உச்சம் பத்துப் பன்னிரண்டு துடிப்பு இப்படியும் அப்படியும் விலகும். துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவருக்கோ அது பொருந்தவே பொருந்தாது. பைபாஸ் முடிந்தவர்களில் பெரும்பாலோர் மெட்டோபுரோலால் போன்ற ஒன்றைச் சாப்பிடுகிறார்கள்.

அறுபது வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சூத்திரப்படி உச்சம் 160. அதில் 85 விழுக்காடு 136. மாத்திரையோடு டிரெட்மில்லில் ஏற்றியபோது அவர் தொட்ட உண்மையான உச்சம் 125, ஓய்வு நாடி 70. அலைபேசிச் செயலி போடச் சொல்லும் 136 அவரால் எட்டவே முடியாத எண். எட்ட முயன்றால் மயங்கி விழவும் கூடும். 1957-இல் பின்லாந்தின் கார்வோனன் காட்டிய வழியில், உச்சத்துக்கும் ஓய்வுக்கும் இடையிலுள்ள 55-ஐ எடுத்து அதில் 40 முதல் 60 விழுக்காட்டை ஓய்வு நாடியோடு கூட்டினால் 92 முதல் 103 வரை வருகிறது. பழகிய பிறகு 80 விழுக்காடு வரை போகலாம், அதாவது 114. பரிசோதனையில் 110 துடிப்பில் இசிஜி கோடு இறங்கி ரத்த ஓட்டப் பற்றாக்குறை தெரிந்தால், அதற்குப் பத்துக் கீழே, 100-இல் நிறுத்திக்கொள்ள வேண்டும். நூறு என்ற எண் நியாயமாகும் இடம் இது ஒன்றுதான். அதையும் சொல்ல வேண்டியது பரிசோதனை. பக்கத்து வீட்டுக்காரர் அல்ல.

துடிப்பு குறைவாக இருந்தால் இதயத்துக்குப் பாரமில்லை என்பது அடுத்த மயக்கம். இருபது லிட்டர் தண்ணீர்க் கேனைத் தூக்கி ஸ்டாண்டில் கவிழ்க்கும் காட்சியைக் கவனித்தால் போதும். பல்லைக் கடித்து, மூச்சை அடக்கி, தோளை இறுக்கிப் பத்து விநாடி. கடிகாரத்தில் எண் அதிகம் நகராது. ரத்த அழுத்தமோ திடீரென்று எகிறும், நெஞ்செலும்பு இழுபடும். மலச்சிக்கலில் முக்குவதும் இதே ரகம். இதற்கு நேர்மாறாக, சித்திரை வீதியில் கை வீசி நடப்பவருக்கு 112 காட்டலாம். கால் தசைகளின் குழாய்கள் விரிந்து ரத்தம் தாராளமாக ஓடுகிறது, இதயம் சீராக உழைக்கிறது. கேனுக்கு அனுமதி, நடைக்குத் தடை என்பது எண்ணை மட்டும் பார்ப்பவர் வந்துசேரும் தீர்ப்பு.

கடிகாரம் சொல்லும் எண்ணே எப்போதும் நாடிதானா என்பதும் கேள்வி. பச்சை ஒளியைத் தோலுக்குள் செலுத்தி, ரத்த அலையால் அது மாறுவதை வைத்துத்தான் கருவி எண்ணுகிறது. கை வீசும் அசைவும் அதே போன்ற அலையை உண்டாக்கும். நிமிடத்துக்கு 115 அடி எடுத்து வைப்பவரின் காலடித் தாளத்தையே கருவி நாடி என்று எண்ணிவிடுவது இந்தத் துறையில் தெரிந்த கோளாறு. பட்டை தளர்ந்திருந்தால் இன்னும் மோசம். இதைவிட முக்கியமானது, பைபாஸ் செய்தவர்களில் ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரையிலானோருக்கு, பெரும்பாலும் இரண்டாம் நாள் முதல் நான்காம் நாளுக்குள், மேலறைத் துடிப்பு தாளம் தப்புகிறது. வீட்டுக்கு வந்த பிறகும் அது திரும்பலாம். அப்போது சில துடிப்புகள் மணிக்கட்டை எட்டாமலே போகும். கருவி சாதாரணமான ஓர் எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும். கட்டைவிரலுக்குக் கீழே மூன்று விரல் வைத்துப் பார்த்தால் தாளம் தவறுவது உடனே புரியும். சீராக இருந்தால் பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் போதும், தவறினால் முழு நிமிடம் எண்ண வேண்டும், புதிதாகத் தவறினால் மருத்துவரிடம் போக வேண்டும். இது பள்ளிக்கூடப் பிள்ளைகூடக் கற்றுக்கொள்ளும் வேலை.

சுவீடனின் குன்னர் போர்க் உழைப்பை உணர்வால் அளக்க 6 முதல் 20 வரை ஓர் அளவுகோல் செய்தார். பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவருக்கும் தாளம் தப்பியவருக்கும் கடிகாரத்தைவிட இது நம்பகமானது. 11 முதல் 13 வரையிலான இடம் தொடக்க காலத்துக்குப் போதும். எண் பிடிக்காதவருக்குப் பேச்சே அளவுகோல். கூட வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிந்து, பாட்டை இழுத்துப் பாட முடியாமல் மூச்சு குறுக்கிட்டால் வேகம் சரி. பாசுரத்தை ராகத்தோடு பாடிக்கொண்டே போக முடிகிறதென்றால் நடை போதவில்லை. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் குறைக்க வேண்டும்.

துடிப்பு எவ்வளவு ஏறியது என்பதைவிட எவ்வளவு விரைவாக இறங்குகிறது என்பது நல்ல செய்தி தரும். 1999-இல் கிளீவ்லாந்து ஆய்வு ஒன்று, உச்ச உழைப்புக்குப் பின் முதல் நிமிடத்தில் பன்னிரண்டு துடிப்போ அதற்கும் குறைவாகவோ இறங்கியவர்கள் பின்னாளில் அதிகம் இறந்ததைக் காட்டியது. அது இதய அறுவை செய்யாதவர்களிடம் பார்த்தது. பைபாஸ்காரர் அந்தப் பன்னிரண்டை வைத்துச் சாதகம் பார்க்க வேண்டியதில்லை. பயிற்சி பழகப் பழக இந்த இறக்கம் வேகப்படும் என்பதுதான் பயனுள்ள விஷயம். ஏறவே விடாத நாடிக்கு இறங்கப் பழகும் வாய்ப்பும் இல்லை.

வாய்ப்பான தரை ஊரிலேயே இருக்கிறது. ஸ்ரீரங்கத்து உத்திர வீதிகளும் சித்திரை வீதிகளும் தேரோடும் சமதளம்; மேடு பள்ளம் இல்லாததால் முதல் வாரங்களுக்கு ஏற்றவை. ஐந்து பத்து நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு தடவை என்று தொடங்கி, ஆறாவது வாரத்தை ஒட்டி ஒரே மூச்சில் அரை மணி நேரம் என்று கொண்டுவரலாம். அடையவளஞ்சான் வீதியை முழுதாக ஒரு சுற்று சுற்றினால் மூன்று கிலோமீட்டரை ஒட்டி வரும். அது இரண்டாம் மாதத்து இலக்கு. மே மாதத்தில் இங்கே வெயில் 40 டிகிரியைத் தொடும். அதே வேகத்தில் நடந்தாலும் உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கு ரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால் துடிப்பு கூடும். விடியற்காலையில் நடந்தால் இந்தத் தொல்லை இல்லை. சர்க்கரையால் பாதம் மரத்தவர் நடுப்பகலில் கோயில் கல்தரையில் வெறுங்காலோடு பிரதட்சிணம் செய்து கொப்புளத்தோடு திரும்புவதும் உண்டு. ஏகாதசி உபவாசத்தன்று இன்சுலினும் போட்டுக்கொண்டு வேகமாக நடப்பது இன்னொரு பொறி. சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பை பீட்டா பிளாக்கர் மறைத்துவிடும், வியர்வை மட்டுமே எச்சரிக்கும். வைகுண்ட ஏகாதசி வரிசையில் மணிக்கணக்கில் நிற்பதைப் பக்தி என்பதால் யாரும் தடுப்பதில்லை. அசையாமல் நிற்பதுதான் காலில் ரத்தத்தைத் தேக்கி மயக்கம் தரும். மலைக்கோட்டை கடைசியில் வரட்டும். 83 மீட்டர் உயரம், நானூறுக்கு மேற்பட்ட படி. வேகமாக ஏறினால் சமதள நடையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் உழைப்பு. டிரெட்மில் தேறியபின் தாயுமானவர் சந்நிதியில் உட்கார்ந்து எழுந்து ஏறுவதில் தவறில்லை.

"ஜிம்முக்குப் போய்த்தானே செத்தார்" என்ற வாதத்தையும் பார்க்க வேண்டும். 2021 அக்டோபரில் கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 46 வயதில் இறந்தபின் அது ஓங்கி ஒலித்தது. அது இதய அறுவைக்குப் பிந்தைய மறுவாழ்வுப் பயிற்சியில் நேர்ந்த சாவு அல்ல. அத்தகைய பயிற்சியின் கணக்கு தனியாக இருக்கிறது. அமெரிக்க இதயச் சங்கம் 2007-இல் எடுத்துக்காட்டிய தொகுப்பின்படி, கண்காணிப்புள்ள மையங்களில் இதயம் நின்றது நோயாளிகளின் பயிற்சி நேரத்தில் சுமார் 1,17,000 மணிக்கு ஒருமுறை. சாவு சுமார் 7,50,000 மணிக்கு ஒன்று. பரிசோதித்துத் தேர்ந்தெடுத்தவர்கள், உதவி அருகில் இருந்தது என்பதைக் கழித்துக்கொண்டாலும், பயத்தின் அளவுக்கு இந்த எண் ஈடுகொடுக்கவில்லை.

அப்படிப்பட்ட மையம் இங்கே எங்கே இருக்கிறது என்று கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானது. இந்தியாவில் இதய மறுவாழ்வு மையங்கள் சொற்பம். இருப்பவையும் பெரும்பாலும் பெருநகரங்களில். மையம் இல்லை என்பதற்காகப் படுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வீட்டிலிருந்தே திட்டமிட்டுச் செய்யும் பயிற்சியும் மையத்தில் செய்வதை ஒத்த பலன் தருவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மாரடைப்பு வந்த 3,959 இந்தியரிடம் 24 மருத்துவமனைகளில் யோகாவை மறுவாழ்வாகச் சோதித்த ஆய்வில், சாவும் மறு மாரடைப்பும் நிரூபிக்கத்தக்க அளவு குறையவில்லை. ஆனால் பழைய வேலைகளுக்குத் திரும்பியவர்கள் கூடினார்கள். யோகாவே போதும் என்பவரும் யோகா வீண் என்பவரும் இதில் பாதியை மட்டும் படிக்கிறார்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருகிறார். 2023-இல் மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை அறிவிக்கப்பட்டது. பைபாஸ் நோயாளியின் ஆறு வார நடை அட்டவணையை இவற்றோடு கோப்பது பெரிய செலவுள்ள காரியமல்ல.

பெண்கள் விஷயத்தில் ஓய்வு நம்பிக்கை இன்னும் விசித்திரமாக வேலை செய்கிறது. வெளியே நடக்க அவளுக்குத் தடை, அடுப்படிக்குத் தடையில்லை. ருமாட்டிக் காய்ச்சலால் கெட்ட வால்வை மாற்றிக்கொண்ட இளம்பெண் நிரம்பிய குக்கரைத் தூக்குகிறாள், குனிந்து கோலம் போடுகிறாள், பரணிலிருந்து டப்பா எடுக்கிறாள். எலும்புக்கு ஆகாத எல்லாமே இதில் உண்டு, இதயத்துக்கு வேண்டிய தொடர்நடை மட்டும் இல்லை. 'வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானே' என்று முடித்துவிடுகிறார்கள்.

ஓய்வுதான் சரி என்னும் நிலைமைகளும் உண்டு. உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சுவலி, ஓய்வு நாடி 120-க்கு மேல், மேல் ரத்த அழுத்தம் 180-க்கு மேல், காய்ச்சல், தையலில் நீர் கசிவு, அசையும்போது நெஞ்செலும்பில் 'கடக்' என்ற சத்தம், இரண்டு நாளில் இரண்டு கிலோ எடை ஏறிக் கால் வீங்குதல், ஒரே பக்கக் கெண்டைக்காலில் வலியோடு வீக்கம், புதிதாகத் தாளம் தப்பிய நாடி. இவற்றில் எது வந்தாலும் அன்றைய நடையை விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். நடக்கும்போது நடு நெஞ்சில் இறுக்கமோ கிறுகிறுப்போ வந்தால் அங்கேயே நின்று உட்கார வேண்டும். இந்த ஓய்வு ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு, காரணம் தீர்ந்ததும் முடிவும் உண்டு. காரணமில்லாமல் ஆறு மாதம் என்று விதிக்கும் ஓய்வுக்கு இரண்டும் இல்லை. மருத்துவர் மாத்திரையின் அளவை மாற்றினால் துடிப்பின் வரம்பையும் மறுபடி கேட்டுக் குறித்துக்கொண்டு, மறுநாள் காலை வழக்கமான வீதியிலேயே தொடரலாம்.